டெப்போ பீச்சில் நாலு நாள், அப்பாவும் ஒரு உடும்பும்

முதல் நாள், வியாழன் இரவு

"ஒரு உடும்பைப் பார்க்கவா நாலு மணி நேரம் காரில் போறோம்?" என்று அப்பா வீட்டு வாசலிலேயே கேட்டுவிட்டார். விருதுநகர் பக்கம் கரிசல் காட்டில் வளர்ந்தவர், எழுபத்தொரு வயது, மூன்று மாத விசாவில் சிட்னிக்கு வந்து ஆபரா ஹவுஸ், பாலம், முருகன் கோயில் எல்லாம் பார்த்து முடித்து, இப்போது வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறார். கேள்வி நியாயமானதுதான். ஊரில் வேலியோரத்தில் ஓடுகிற சங்கதியைப் பார்க்க இவ்வளவு பெட்ரோலா? நான் சொன்னேன், "இது நம்ம ஊர் உடும்பு இல்லப்பா, ஆறு அடி, மரம் ஏறும்." அவர் நம்பவில்லை. "எல்லா உடும்பும்தான் ஏறும்" என்றார்.

நாங்கள் தேடி வந்திருப்பது லேஸ் மானிட்டர். இங்கே எல்லாரும் கோவானா என்றுதான் சொல்வார்கள். இகுவானா என்ற பெயர் வெள்ளைக்காரர் வாயில் புரண்டு கோவானா ஆனதாம். ஆஸ்திரேலியாவின் இரண்டாவது பெரிய பல்லி இது. இதைவிடப் பெரிய பெரன்டி நடுப் பாலைவனத்துக்காரன், அவனைப் பார்க்க வேண்டுமானால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போக வேண்டும். லேஸ் மானிட்டர் கிழக்குக் கடலோரத்து மரக்காடுகளில் இருக்கிறது, இரண்டு மீட்டர் வரை நீளம், நன்றாகத் தின்று கொழுத்தால் 14 கிலோ வரைக்கும் எடை. இந்தோனேசியாவின் கொமோடோ டிராகனுக்கு மிக நெருங்கிய சொந்தம்.

சிட்னியிலிருந்து தெற்கே பிரின்சஸ் ஹைவே. கயாமா, நௌரா, அல்லடல்லா. வழியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, நௌராவில் நின்று மகனுக்குச் சிப்ஸ் வாங்கினோம், அவ்வளவுதான். பேட்மன்ஸ் பே வருவதற்கு முன்பே இடது பக்கம் காட்டுக்குள் திரும்பினால் மவுண்ட் அகனி ரோடு. பெயரே அப்படி, வேதனை மலைச் சாலை. யார் என்ன வேதனைப்பட்டு வைத்தார்களோ. அதிலிருந்து பிரிந்து போனால் டெப்போ பீச், மர்ரமராங் தேசியப் பூங்காவுக்குள். எங்களுக்கு ஒரு சின்ன கேபின். வாசலில் புல்தரை, புல்தரையில் பதினோரு கங்காரு, அதைத் தாண்டிக் கடல். அப்பா கங்காருகளை எண்ணினார், உடும்பைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

சாயங்காலம் ஒரு மணி நேரம் சுற்றினோம். ஒன்றும் கண்ணில் படவில்லை. வெயில் இறங்கிவிட்டால் இவை படுத்துவிடும், பொந்திலோ உயரக் கிளையிலோ. நாளைக்குப் பத்து மணிக்கு மேல்தான். போன் சிக்னல் சுத்தமாக இல்லை, ஹைவே பக்கம் போகும்போதுதான் இந்தக் குறிப்பையெல்லாம் வலையில் ஏற்ற முடியும்.

இரண்டாம் நாள், வெள்ளி

முதலில் எனக்கு ஒரு கொள்கை இருந்ததைச் சொல்லிவிடுகிறேன். குப்பைத்தொட்டி உடும்பு எனக்கு வேண்டாம். முகாம்களில் பார்பிக்யூ அடுப்பைச் சுற்றிச் சுற்றி வருகிற கோவானாவை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், படமும் எடுக்கலாம். எனக்குக் காட்டில், மரத்தில், அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிற உடும்பு வேண்டும். இதை நான் கணவரிடம் காரில் விளக்கமாகப் பேசியிருந்தேன். அவர் "உம்" என்று மட்டும் சொன்னார்.

காலையில் பொது பார்பிக்யூவில் தோசை ஊற்றினோம். அந்தத் தட்டையான இரும்புத் தட்டு தோசைக்கல்லாகவே பிறந்திருக்க வேண்டியது, ஒரே நேரத்தில் நாலு ஊற்றலாம். அப்பாவுக்கு முட்டை தோசை. அதற்காகப் பன்னிரண்டு முட்டை அட்டையைத் தரையில் ஐஸ் பெட்டி பக்கத்தில் வைத்திருந்தேன். தவறு என்னுடையதுதான். "உணவை வெளியே வைக்காதீர்கள்" என்ற அறிவிப்புப் பலகைக்கு நேர் கீழே வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதலில் பார்த்தது மகன். "அம்மா, க்ரோக்கடைல்!" என்றான்.

அது ஓடி வரவில்லை. நடந்து வந்தது. சந்தைக்கு வந்த பண்ணையார் நடை. முன்னங்காலை அகட்டி வைத்து, உடம்பை இந்தப் பக்கம் ஒரு வளைவு, அந்தப் பக்கம் ஒரு வளைவு, இரண்டு அடிக்கு ஒரு முறை நாக்கை நீட்டி நிலத்தைத் துழாவிக்கொண்டு. நாக்கு பாம்பு நாக்கேதான், நுனி இரண்டாகப் பிளந்தது, வாசனைத் துகளை அள்ளி மேலண்ணத்தில் இருக்கிற உறுப்புக்குக் கொண்டுபோகிறது. எந்தப் பக்க நுனியில் வாசம் கூடுதலோ அந்தப் பக்கம் திரும்பும். எங்கள் முட்டை எந்தப் பக்கம் என்று அதற்குச் சந்தேகமே இருந்த மாதிரி தெரியவில்லை.

மகன் விறைத்து நின்றான். பக்கத்து மேசையில் காபி குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெரியவர், "அசையாம நிக்காதே தம்பி, மரம்னு நினைச்சு உன் மேல ஏறிடும்" என்றார் ஆங்கிலத்தில், சிரிக்காமல். இது இந்த ஊர்ப் பழங்கதை. கோவானா கடித்த புண் வருஷா வருஷம் அதே தேதியில் திரும்ப வெடிக்கும் என்று இன்னொரு கதையும் உண்டு. அது கதைதான், ஆனால் கடி நல்லதல்ல என்பது நிஜம். 2005-இல் மெல்பர்ன் ஆய்வாளர்கள் இந்த லேஸ் மானிட்டரின் கீழ்த்தாடையில் விஷச் சுரப்பி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்பு, வீக்கமும் ரத்தம் நிற்காததும் வாயில் இருக்கிற அழுகல் கிருமியால் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அது அட்டையின் ஒரு முனையைக் கவ்வியது. என் கணவர், கூட்டல் கழித்தல் வேலையில் இருக்கிற மனுஷன், இதுவரை ஒரு நாயைக்கூட அதட்டிப் பார்த்திராதவர், என்ன நினைத்தாரோ மறு முனையைப் பிடித்துக்கொண்டார். அது இழுத்தது. இவர் இழுத்தார். அது தலையை ஒரு வெட்டு வெட்டியதும் இவர் ஒரு அடி முன்னால் போனார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே கத்தினார், "மாப்ளே, உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்!"

இந்தப் பழமொழியை அது சொல்லும் காட்சியிலேயே யாராவது கேட்டிருப்பார்களா தெரியவில்லை. கணவர் விட்டார். அட்டை கிழிந்து முட்டைகள் புல்லில் உருண்டன. ஒவ்வொன்றாக, உடைக்காமல், முழுசாகக் கவ்வித் தலையை மேலே தூக்கி உள்ளே தள்ளியது. தொண்டையில் முட்டை இறங்குவது வெளியே தெரிந்தது, மஞ்சள் பட்டை பட்டையாக இருக்கிற அந்தத் தொண்டைத் தோல் விரிந்து சுருங்கி. ஏழு. எண்ணினேன். அப்புறம் வாயைப் புல்லில் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டு, வந்த நடையிலேயே கேபினுக்கு அடியில் போய்விட்டது.

அப்பா கையில் எப்போது எடுத்தார் என்று தெரியாத ஒரு குச்சி இருந்தது. கீழே போட்டுவிட்டு, "பழக்கம்" என்றார்.

என் கொள்கை முதல் காலையிலேயே போனது. ஆனால் இதைப் பார்த்த கணக்கில் சேர்க்க மாட்டேன். நானாகப் போட்டுத் தின்னவைத்தது மாதிரிதான் இதுவும். இப்படி ருசி கண்ட உடும்பு கூடாரத்தைக் கிழிக்கப் பழகும், யாரையாவது கடிக்கும், கடைசியில் அதைத்தான் பிடித்து வேறெங்கோ கொண்டுபோய் விடுவார்கள்.

இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் அப்பா பேசினார். அறுபதுகளில், பள்ளிக்கூடம் போகாத நாட்களில், நாயோடு வேட்டைக்குப் போகிறவர்கள் பின்னாலேயே இவரும் போவார். வளைக்குள் புகுந்த உடும்பை வாலைப் பிடித்து இழுத்தால் வராது, உள்ளே உடம்பை ஊதிக்கொண்டு நகத்தை ஊன்றிக்கொள்ளும். மண்ணைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். கறி கோழி மாதிரி இருக்கும் என்றார். பஜனை மடத்தில் இவர் மாமா தட்டிய கஞ்சிராவில் இருந்ததும் உடும்புத் தோல்தான், தண்ணீர் தொட்டுத் தடவினால் குரல் இறங்கும். 1972-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு எல்லாம் மாறிவிட்டது, இப்போது உடும்பு முதல் அட்டவணை உயிரினம், பிடித்தால் சிறை. ஆனாலும் ரோட்டோரத்தில் உடும்பு எண்ணெய் என்று எதையோ விற்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். இங்கேயும் ஒரு காலத்தில் கோவானா எண்ணெய் மூட்டு வலிக்கு என்று அமோகமாக விற்றதை நான் சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். "வெள்ளைக்காரனுமா?"

மூன்றாம் நாள், சனி

இன்றைக்குத்தான் எழுத விஷயம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும்.

டெப்போ பீச்சுக்குப் பின்னால் மேட்டில் ஏறுகிற காடு முழுக்க ஸ்பாட்டட் கம். அப்பா பாஷையில் தைல மரம், ஆனால் ஊர்ச் சாலையோரத்து ஒல்லித் தைல மரங்களை நினைத்துக்கொள்ளக் கூடாது. நேராக, கிளையே இல்லாமல் பத்து, பதினைந்து ஆள் உயரத்துக்குத் தூண் மாதிரி போய், அதற்கு மேல்தான் பிரியும். பட்டை வழுவழுப்பு. வருஷா வருஷம் செதில் செதிலாக உரிந்து, உரிந்த இடத்தில் சின்னக் குழி விழுந்து, சாம்பல், வெளிர்பச்சை, சந்தன நிறம் என்று திட்டுத் திட்டாக நிற்கும். கீழே இடுப்பளவுக்குப் பரவாங் செடிகள், ஈச்ச ஓலை மாதிரி இலையோடு, டைனோசர் காலத்து வம்சம். அதன் கொட்டை விஷம். இந்தக் கரையின் பூர்வகுடிகளான யுயின் மக்கள் அதைப் பக்குவப்படுத்தி, தண்ணீரில் ஊறவைத்து விஷத்தைப் போக்கிச் சாப்பிட்டார்கள். 1770 ஏப்ரலில் கேப்டன் குக் தன் கப்பலிலிருந்து இந்தக் கடற்கரையைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார், கரையில் ஆட்கள் நிற்பதையும் பார்த்திருக்கிறார். கோவானாவை வெள்ளையர் எழுத்தில் வர்ணித்துப் பெயர் வைத்தது அதற்கு இருபது வருஷம் கழித்து, இங்கே குடியேற வந்த முதல் பிரிட்டிஷ் கப்பல் கூட்டத்தோடு வந்த மருத்துவர் ஜான் வைட்டின் 1790 புத்தகத்தில்.

மரங்களின் அடியில் இன்னும் கரி இருக்கிறது. 2019 நவம்பர் 26-இல் கர்ரோவான் காட்டில் மின்னல் விழுந்து பிடித்த தீ 74 நாள் எரிந்தது, சுமார் 5 லட்சம் ஹெக்டேர். இந்தப் பூங்காவின் பெரும்பகுதி அதில் போனது. கரிந்த அடிமரத்தைக் கையால் தேய்த்தால் இப்போதும் கறுப்பு ஒட்டுகிறது. மரங்கள் பெரும்பாலும் பிழைத்துத் தளிர்த்துவிட்டன, ஆனால் உடும்புக்கு வேண்டியது மரம் மட்டுமில்லை, பொந்து. நல்ல பொந்து விழ ஒரு மரத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆக வேண்டும், அப்படிப்பட்ட கிழட்டு மரங்கள்தான் தீயில் முதலில் சரிந்தவை.

பத்தரை மணி. கணவரும் மகனும் முன்னால், நானும் அப்பாவும் பின்னால். அப்பா நின்றுவிட்டார். "கேளு" என்றார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சில்வண்டு, தூரத்தில் அலை. அப்புறம் கேட்டது. சரக். சரக் சரக். காய்ந்த பட்டைச் சருகில் கனமான ஒன்று நடக்கிற சத்தம். கங்காரு என்றால் தொம் தொம் என்று வரும், இது இழுபட்டது. பரவாங் ஓலைகள் வரிசையாக ஆடின. நான் கேமராவைத் தூக்கியதும் ஓலை ஆட்டம் நின்றது, அடுத்த நொடி எங்களுக்குப் பத்து மீட்டர் தள்ளி ஒரு ஸ்பாட்டட் கம்மில் பரபரவென்று நகச் சத்தம். சுவரில் தென்னந்துடைப்பத்தை வேகமாக இழுத்தால் வருமே, அப்படி.

ஓடிப்போய்ப் பார்த்தால் மரத்தில் ஒன்றும் இல்லை. சுற்றிப் போனேன், இல்லை. இந்தப் பக்கம் வந்தேன், இல்லை.

அப்பா சிரித்தார். "ஓணான் புத்தி. நீ இந்தப் பக்கம் வந்தா அது அந்தப் பக்கம் போகும். சின்னப் பிள்ளையில ஓணான் அடிச்சதே இல்லையா நீ?" இல்லை. நான் அடித்ததில்லை. ஆனால் அவர் சொன்னது அப்படியே சரி. தன்னைப் பார்க்கிறவருக்கும் தனக்கும் நடுவில் அடிமரம் இருக்கிற மாதிரி சுற்றிக்கொண்டே ஏறுவது இவற்றின் வழக்கம். "நீ இங்கயே நில்லு, மூச்சுக்கூட விடாதே" என்று சொல்லிவிட்டு அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார் (ஆமாம், தேசியப் பூங்காவுக்குள் வேட்டி, கீழே உண்ணிக்குப் பயந்து சாக்ஸை இழுத்துவிட்டு, மேலே கணவரின் கிரிக்கெட் தொப்பி). மெதுவாக, வேண்டுமென்றே சருகை மிதித்துச் சத்தம் போட்டுக்கொண்டு மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்.

அவர் அந்தப் பக்கம் போகப் போக, மரத்தின் ஓரத்தில் முதலில் ஒரு கை வந்தது.

கை என்றுதான் சொல்ல வேண்டும். ஐந்து விரல், ஒவ்வொன்றிலும் கொக்கி மாதிரி வளைந்த கறுப்பு நகம், வழுவழு பட்டையில் அந்தச் சின்னக் குழிகளைத் தேடி ஊன்றியது. அப்புறம் மூக்கு, அப்புறம் மொத்த உடம்பும் என் பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தது, என் தலைக்கு மேலே ஒரு ஆள் உயரம்கூட இருக்காது. லேஸ் என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. தூரத்தில் கறுப்பாகத் தெரிகிற தோல் கிட்டத்தில் கருநீலச் சாம்பல், அதில் வெளிர்மஞ்சள் பொட்டுகள் கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி வரிசை வரிசையாக. முகவாயில் மஞ்சளும் கறுப்பும் மாறி மாறிப் பட்டை. கழுத்துத் தோல் மடிப்பு மடிப்பாக, ஒரு அளவு பெரிய சட்டை போட்ட கிழவர் மாதிரி. முன்னங்கால் மடிப்பில் நாலைந்து உண்ணி, உளுந்து அளவு, வரிசையாக ஒட்டிக்கொண்டு. பக்கம் ஒட்டித் தட்டையான வால் உடம்பைவிட நீளம், நுனி காற்றில் சும்மா தொங்கியது. வயிறு ஏறி இறங்கியது. நாக்கு ஒரு முறை வந்தது. பார்வை என்னைப் பார்த்ததா இல்லையா என்று சொல்ல முடியாது, பல்லிக் கண்ணில் அது தெரியாது.

எவ்வளவு நேரம் நின்றேன் தெரியவில்லை. படம் எடுக்கவில்லை. எடுத்தேன் என்று நினைத்தேன், லென்ஸ் மூடியைக் கழற்றவில்லை.

அப்புறம் நாங்கள் இருவரும் தள்ளிப்போய் ஒரு விழுந்த மரத்தில் உட்கார்ந்துகொண்டோம், கணவரும் மகனும் திரும்பி வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அது எங்களை மறந்துவிட்டு மேலே ஏற ஆரம்பித்தது. இருபது மீட்டர் இருக்கும், அங்கே ஒரு கிளை ஒடிந்த இடத்தில் பொந்து. அது பாதி தூரம் போவதற்குள்ளேயே காடு முழுக்கச் செய்தி போய்விட்டது. ரோசெல்லாக் கிளிகள் இரண்டு கீச்சிட்டுக்கொண்டு பறந்தன, கரவாங் என்கிற காக்கை மாதிரிப் பறவைகள் வந்து வாலைக் கொத்தின. அது கண்டுகொள்ளவில்லை. தலையைப் பொந்துக்குள் விட்டது, தோள் வரைக்கும் விட்டது. வால் மட்டும் வெளியே, பத்து நிமிஷம். வெளியே வந்தபோது நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டது. உள்ளே முட்டையோ குஞ்சோ, கிளிகள் மட்டும் அந்தக் கிளையிலேயே உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன. மகனுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா அவனைத் தோளில் தட்டி, "நேத்து நம்ம முட்டை, இன்னிக்கு அதுங்க முட்டை" என்றார். அது ஆறுதலா என்று எனக்குத் தெரியவில்லை, அவன் சிரித்துவிட்டான்.

இது குஞ்சு மட்டும் தின்கிற பிராணி இல்லை. செத்த கங்காரு, போசம், வண்டு, கோழிக்கூண்டு, எது கிடைத்தாலும் சரி. காட்டுத் துப்புரவு இதன் கையில்தான். ஒன்றே ஒன்றுதான் இதற்கு ஒத்துக்கொள்ளாது. கரும்பு வண்டை ஒழிக்கிறோம் என்று 1935-இல் குவீன்ஸ்லாந்தில் கொண்டுவந்து விட்ட கேன் டோட் தேரை. அதைக் கவ்விய கோவானா அதன் விஷத்திலேயே செத்துப்போகிறது. தேரை பெருகிய வடக்குப் பக்கத்தில் பெரிய உடும்புகள் அப்படித்தான் குறைந்தன. இவ்வளவு தெற்கே தேரை இன்னும் வரவில்லை.

நான்காம் நாள், ஞாயிறு

கிளம்புகிற நாள். மழைத் தூறல், வெயில் இல்லாததால் உடும்பும் இல்லை. ஆனாலும் காலையில் ஒரு நடை போனோம், ஏனென்றால் நேற்றுத் திரும்பும்போது மகன் மரத்தில் ஒரு "பெரிய பழுப்பு உருண்டை" பார்த்ததாகச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

கறையான் கூடு. அடிமரத்தில் ஒட்டிக்கொண்டு, அண்டா அளவு, தரையிலிருந்து மூன்று ஆள் உயரம். அதில் ஒரு பெரிய ஓட்டை, ஓரமெல்லாம் புது மண் நிறம். இதைப் பற்றி நான் படித்திருந்தேன். பெண் கோவானா கோடையில் கறையான் கூட்டைத் தோண்டி உள்ளே ஆறிலிருந்து பன்னிரண்டு முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். கறையான் தன் வீட்டு ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும், முட்டை உள்ளே சிறைப்படும். வெளியே குளிர்காலம் வந்தாலும் கூட்டுக்குள் 30 டிகிரி சூடு மாறாது, ஈரமும் மாறாது, காவலுக்கு லட்சக்கணக்கில் கறையான். கிட்டத்தட்ட எட்டு, ஒன்பது மாதம். அடுத்த வசந்தத்தில் குஞ்சு பொரியும் சமயம் தாய் திரும்பி வந்து தோண்டிவிடுவதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். எந்த மரம், எந்த மாதம் என்று அத்தனை நாள் கழித்து அதற்கு எப்படி நினைவிருக்கிறது?

இது நவம்பர் கடைசி. ஓட்டை புதுசு. கணக்கு சரியாக வருகிறது என்று நான் குதித்தேன். கணவர் போனில் சேமித்து வைத்திருந்த பறவைப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, குக்கபராவும் இதே மாதிரிக் கறையான் கூட்டில் ஓட்டை போட்டுத்தான் கூடு வைக்கும் என்றார். சரி, அப்படியும் இருக்கலாம். ஆனால் அப்பா மரத்தின் அடியில் குனிந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, பட்டையைத் தடவிப் பார்த்தார். நீளநீளமாக நகக் கீறல், நாலு நாலாக, கூடு வரைக்கும். சில பழசு, ஆறிப்போய்ச் சாம்பல் நிறம். சில பச்சை. "குருவிக்கு ஏது இவ்வளவு நகம்" என்றார்.

கணவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. மாமனாரிடம் அவர் எப்போதும் அப்படித்தான்.

ஹைவேக்கு வந்ததும் போனில் சிக்னல் வந்தது. அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து ஊரிலிருக்கிற தன் சேக்காளிக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில். அங்கே அப்போது விடியக் கொஞ்ச நேரம் இருக்கும், பாவம் அந்த மனுஷன். அல்லடல்லாவில் உடும்பு ஆறு அடியாக இருந்தது. நௌராவில் ஏழரை. கயாமா தாண்டும்போது ஒன்பது அடி, மாப்பிள்ளையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனதாம்.